பூக்குழிக்கு ஆள் வேண்டும்

சுங்கை லாலாங் தோட்டம்,
மாசி மாதம், இரண்டாம் வெள்ளி.

கரங்கானில் காளிமுத்து என்ற பெயரில் இருந்துவரும் என் வீட்டுக்காரருக்கு, உங்கள் மனைவி இராசாத்தி வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்வது. இங்கே நானும் குழந்தையும் என் தம்பி அழகேசனும் நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் சுகத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சொல்வது நான், எழுதுவது கடைக்கார அப்துல் சமது நானா. உங்கள் சொந்தப் பெயரை நான் இதுவரை வாயால் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். ஆனால் காளிமுத்து என்பதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். அது யாரோ ஒருவருடைய பெயர்.

நானாவின் மைத்துனர் முகம்மது கவுஸ் அண்ணன் இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவார். அங்கே அவருடைய சோற்றுக்கடையில் கூட்டம் அடங்கிய பிறகு படிக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன். நடுவில் நீங்கள் எழுந்து போகப் பார்த்தால் தோளைப் பிடித்து உட்காரவைத்து மிச்சத்தையும் படிக்கச் சொல்லியிருக்கிறேன். எழுந்து போவது உங்களுக்குப் பழக்கம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். இந்த வரி வேண்டாம் என்று நானா சொல்கிறார். எழுதத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் கவுஸ் அண்ணன் சரக்கு எடுக்கச் சுங்கைப்பட்டாணி வந்தபோது இங்கும் வந்து, நீங்கள் சொல்லி அனுப்பியதைச் சொன்னார். கரங்கானில் காடு வெட்டி வாய்க்கால் தோண்டும் வேலை நிலைத்துவிட்டது, லயத்தில் ஓர் அறை கொடுப்பார்கள், அங்கே நம்மை யாருக்கும் தெரியாது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு, புதிதாக ஆரம்பிக்கலாம் என்றீர்களாம். இரண்டு வருடமாக நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்றே தெரியாமல், காலையில் பொட்டு வைக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தவள் நான். உயிரோடு இருக்கிறீர்கள் என்று கேட்டதும் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் பொட்டை இப்போது பெரிதாகவே வைத்துக்கொள்கிறேன்.

என் பதில் இதுதான். நான் கரங்கானுக்கு வரவில்லை. காளிமுத்துவின் மனைவியாக வாழ எனக்குத் தெரியாது. நீங்கள்தான் இங்கே வர வேண்டும். பங்குனி உத்திரத்தன்று நம் மாரியம்மன் கோயிலில் தீமிதி. பூக்குழி போட உங்களைக் கூப்பிடுகிறார்கள். யார் கூப்பிடுவது என்று ஒரே வரியில் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் சங்கதி. நீங்கள் போனபோது தவழ்ந்துகொண்டிருந்த பாப்பம்மா இப்போது லயத்து வாசலில் நிற்காமல் ஓடுகிறாள். மாமனைத்தான் அப்பா என்று கூப்பிடுகிறாள். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது, அழகேசனுக்கு அலுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும், "நான் மாமன் கண்ணு, உங்கப்பா ஊருக்குப் போயிருக்காரு" என்கிறான். எந்த ஊருக்கு என்று அவள் கேட்கும் வயது வந்துவிட்டது.

உங்கள் சேவலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் காணாமல் போன மறுநாள் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவன் அதைக் கொண்டுவந்து கட்டிவிட்டு, ஜெயித்த சேவல் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான். அழகேசன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அதைக் குழம்பு வைத்துவிட்டேன். எவ்வளவு வேகவைத்தும் கறி வேகவில்லை. அவனுக்கு என் கையால் ஊட்டிய முதல் கறிச்சோறு அதுதான். "மச்சான் நல்லாத்தான் வளர்த்திருக்காரு, கடிக்க முடியல" என்றான். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அன்றுதான் அவன் சிரித்தான்.

அவனுடைய வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. உளி பிடித்து ரப்பர் மரம் வெட்ட முடியாது. காலையில் பெரட்டுக்கு வந்து பேர் கொடுக்க ஆட்களைக் கூப்பிடத் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்களே, அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். இடது கையால் தட்டுகிறான். மற்ற நேரத்தில் பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகைக்குத் தண்ணீர் சுமக்கிறான். கன்னத்தில் தழும்பு இருக்கிறது, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெண் கொடுக்கத்தான் யோசிக்கிறார்கள்.

இப்போது கோயில் விஷயம். நீங்கள் இருந்தவரை பூக்குழியைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. மாசியிலேயே விறகு வெட்டி, பட்டை உரித்து, கட்டையை வெயிலில் அடுக்கிவைப்பீர்கள். விடியலில் மூட்டினால் சாயங்காலம் ஒரு கரிக்கட்டைகூட இல்லாமல் செக்கச்செவேலென்று கிடக்கும். போன வருடம் கங்காணி பக்கிரிசாமி, இதென்ன பெரிய வித்தையா என்று தானே முன்னின்று போட்டார். பாதிக் கட்டை வேகாமல் புகைந்தது. இறங்கினவர்களுக்கெல்லாம் காலில் கொப்புளம். பூசாரி பாதியில் வெளியே குதித்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் மரம் வெட்டப் போனவர்களில் பாதிப் பேர் நொண்டிக்கொண்டு போனார்கள்.

அதனால் இந்த வருடம் கோயில் கூட்டத்தில், பீடோங்கிலிருந்து யாரையாவது கூட்டி வரலாம் என்று கங்காணி சொன்னார். அப்போது அழகேசன் எழுந்தான். அவன் கூட்டத்தில் வாய் திறந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நானும் பார்த்ததில்லை. இந்த வருடம் தானும் தீ மிதிக்கப் போவதாகச் சொன்னான். குழியைத் தன் மச்சான்தான் போட வேண்டும் என்றும் சொன்னான்.

கங்காணிக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "தோட்டத்துக்கே நெருப்பு வச்சிட்டு ஓடிப்போனவனையா சொல்ற? அவன் வந்து ஆத்தா குழிக்கு நெருப்பு வைக்கிறதா?" என்று கத்தினார். அழகேசன் சத்தம் போடவில்லை. "எரிஞ்சது என் கைதானே கங்காணி? நான் சொல்றேன், வரச் சொல்லுங்க" என்றான். பெண்கள் பக்கத்திலிருந்து மருதம்மாள், "அந்த மனுசன் வந்தா நானும் எறங்குவேன், கங்காணி போட்டா வேடிக்கை பார்க்கக்கூட வரமாட்டேன்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அத்தோடு முடிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் கை எரிந்த அன்றிலிருந்து அவனுக்கு நெருப்பென்றால் ஆகாது. நான் அடுப்பு ஊதும்போது வெளியே எழுந்து போய்விடுவான். உனக்கெதற்கு இந்த வேண்டுதல் என்று கேட்டேன். "காலம் பூரா அடுப்புக்குப் பயந்துக்கிட்டு இருக்க முடியாதுக்கா. மச்சான் போடற குழின்னா எறங்கிடுவேன். அவரு கையால குழியத் தடவிப் பார்க்காம யாரையும் எறங்க விடமாட்டாரு" என்றான்.

நீங்களும் அங்கே அடுப்பு மூட்டுவதில்லை, கவுஸ் அண்ணன் கடையில் ஆறின சோற்றைத்தான் சாப்பிடுகிறீர்கள், பீடிகூடப் பற்றவைப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரே நெருப்புக்கு ஒருத்தர் அங்கேயும் ஒருத்தன் இங்கேயும் பயந்துகொண்டிருக்கிறீர்கள். அடுப்பு மூட்ட நான் ஒருத்திதான் மிச்சம்.

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. அப்படியெல்லாம் நம் லயத்தில் யாரும் பேசிக் கேட்டதில்லை. குழி போட வரச் சொல்கிறான், அவ்வளவுதான்.

என் விஷயம் வேறு. நெருப்புக்காக எனக்கு உங்கள்மேல் கோபமில்லை. புகைக் கொட்டகை அடுப்பில் பச்சை விறகுதான் போட வேண்டும், புகைதான் வேண்டும், சுவாலை எழும்பக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் நீங்கள். சேவல் சண்டைக்குப் போய் வரும்வரை அணையாமல் இருக்கட்டும் என்று காய்ந்த விறகைத் திணித்துவிட்டுப் போனவரும் நீங்கள்தான். தொங்கவிட்டிருந்த ரப்பர் ஷீட்டெல்லாம் பற்றிக்கொண்டது. புத்திகெட்ட வேலை. ஆனால் புத்தி யாருக்கும் ஒருநாள் கெடும். அதற்குப் பிறகு, எரிந்ததைப் பார்த்துவிட்டு ஓடினீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. மாட்டு வண்டியில் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்கிறவரை வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், எப்படியும் பின்னால் ஓடி வருவீர்கள் என்று. அதை நான் மறக்கவில்லை. நேரில் வந்தால் திட்டுவேன். இரண்டு வருடத் திட்டு சேர்ந்து கிடக்கிறது, கேட்டுக்கொள்ளத் தயாராக வாருங்கள். கேட்டு முடித்ததும் சோறு போடுவேன்.

வேலையைப் பற்றிக் கவலை வேண்டாம். பழைய துரை சீமைக்குப் போய்விட்டார். நானா சொல்லி, கணக்கு எழுதும் கிராணி புதுத் துரையிடம் பேசினார். புல் வெட்டும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறேன், புகைக் கொட்டகைப் பக்கம் மட்டும் தலைகாட்டக் கூடாது என்றாராம். கொட்டகையைச் செங்கல்லில் கட்டிவிட்டார்கள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். என்னிடம் பேசினார்கள், நான் கேட்டுக்கொண்டேன். இனி உங்கள் முறை. யாருக்கும் தெரியாத ஊரில் நல்லவராக இருந்து என்ன பயன்? தெரிந்தவர்களுக்கு நடுவில் இருந்து காட்டுங்கள்.

கூலிம் வந்து அங்கிருந்து மோட்டார் பஸ் பிடித்தால் சுங்கைப்பட்டாணியில் இறக்கிவிடுவான். காப்புக் கட்டுவதற்கு முன்னால் வந்துவிட வேண்டும். குழி போடுகிறவரும் காப்புக் கட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கட்டிவிட்டால் தீமிதி முடிகிறவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. ஆகையால் ஓடவும் முடியாது. இதைச் சொன்னபோது அழகேசன், "அதுக்குத்தானே கூப்பிடறேன்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். விறகை வெட்டச் சொல்லிவிட்டான். பட்டை உரிக்க வேண்டாம், மச்சான் வந்து பார்த்துக்கொள்வார் என்று அப்படியே போட்டு வைத்திருக்கிறான். தினமும் சாயங்காலம் போய் அந்தக் கட்டைகளைப் பார்த்துவிட்டு வருகிறான்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லக் கூடாது என்று அவன் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். சத்தியத்தை மீறுகிறேன், ஆத்தா பொறுத்துக்கொள்வாள். துரையின் சரக்கைக் காப்பாற்றப் போய்க் கையை இழந்தானே, அவன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று கவுஸ் அண்ணனிடம் சொன்னீர்களாம். அவன் சரக்குக்காகப் போகவில்லை. வெளியே இழுத்துப் போட்ட ஒரு ஷீட்டாவது நீங்கள் பார்த்தீர்களா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் விறகு அறையில் படுத்துத் தூங்குவது எல்லோருக்கும் தெரியும். சேவலோடு போனது அவனுக்குத் தெரியாது. மச்சான் உள்ளே இருக்கிறார் என்று கத்திக்கொண்டுதான் ஓடினான். புகையில் ஒன்றும் தெரியாமல், எரிகிற கட்டைகளை அந்தக் கையால் புரட்டிப் புரட்டித் தேடினானாம். இதைக் கேட்டால் நீங்கள் இன்னும் தூரமாகப் போய்விடுவீர்கள் என்று பயந்துதான் மறைக்கச் சொன்னான். தெரிந்துகொண்டு வருவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

கவுஸ் அண்ணன் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கவும்.

தீமிதியன்று அவன் எல்லோருக்கும் பின்னால் கடைசியாகத்தான் இறங்குவானாம். நீங்கள் குழிக்கு அந்தப் பக்கம், கால் நனைக்கும் பால்குழியை ஒட்டி, அவன் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். போன தடவை உங்களைத் தேடி நெருப்புக்குள் போனான், நீங்கள் அங்கே இல்லை. இந்தத் தடவையாவது இருங்கள்.

ஆத்தா உங்களை வழியில் பத்திரமாகக் கூட்டி வரட்டும்.

இப்படிக்கு,
பாப்பம்மாவின் தாய்
இராசாத்தி