கூப்பிடாமல் திரும்பியவள்

மார்ச் 2
இன்றும் தப்பு. கத்தி என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் தலையில் ஓர் எழுத்து நிற்கிறது. சொல்லும்போது வாயே திறப்பதில்லை. வேலை செய்யாமல் நிற்கிற ஆளை என் கடையில் ஒரு நாள்கூட வைத்ததில்லை. இந்த மொழி முழுக்க அப்படி ஆட்கள்தான். ஆசிரியர் செஞ்ஞோ சிவப்பு மையால் சுழித்தார். "அக்குவி அம்மா, சந்தையில அத்தனை துணிக்கும் பேர் ஞாபகம் வெச்சிருக்கீங்க. இதுக்கு மட்டும் என்ன?"

துணிக்குப் பேர் வைத்தது நாங்கள். அதுதான்.

மார்ச் 5
எதற்கு இந்தப் பாடு? சலிக்கும்போது படிக்க எழுதி வைக்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம், ஆங்கிலம் பேசும் அக்ராவில், புதுத் துணி ஆலை. இங்கே லோமேயில் அவர்கள் துணியை விற்கும் உரிமை ஒருத்திக்குத்தான். மேலாளர் கோல்மன் கடல் தாண்டி வந்து இரண்டு மாதம் ஆகிறது. நடுவில் ஆள் வைத்துப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. எனக்கும்தான். இதுவரை சித்தி மகன் கோமி எனக்காக ஆங்கிலம் பேசினான். என் வாயில் கொழுத்துப் புறப்பட்ட பேரம் அவன் வாயில் இறங்கும்போது இளைத்திருக்கும். 20ஆம் தேதி நானே பேச வேண்டும். எதிர்க்கடை டெடேயும் போகிறாள். உரிமை அவளுக்குப் போய்விட்டால் என் கடைப் பக்கம் எவள் வருவாள்?

மார்ச் 9
துணிக்கட்டு ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதிக் குத்தியிருக்கிறேன். 'மாமியார் தூங்கவில்லை' துணியில் தள்ளுபடி. 'அடுத்த வீட்டுப் புகை' துணியில் தாமதம். மகள் எனியோனாம் சிரிக்கிறாள்: "கிழட்டு ஆட்டுக்கு மணி கட்டின மாதிரி இருக்கும்மா."

வாங்க வந்தவள் ஒருத்தி, "துணிக்கு என்னக்கா காய்ச்சலா, மருந்துச் சீட்டு குத்தியிருக்கே?" என்றாள். விலை படியாமல் எழுந்து போனாள். குடைக்கடை வரை விட்டுக் கூப்பிட்டேன். திரும்பி வந்து வாங்கினாள். கூப்பிடுவேன் என்றுதானே அவ்வளவு மெல்ல நடந்தாள்!

மார்ச் 14
தூக்கம். ஒரு சொல்லும் ஏறவில்லை.

மார்ச் 20
திரும்பும் வழி. எல்லையில் வண்டி நகரவில்லை. மடியில் வைத்து எழுதுகிறேன்.

நன்றாகத்தான் பேசினேன். சரக்கு, தாமதம், தள்ளுபடி – எல்லாம் கூப்பிட்டதும் வந்தன. கோல்மன் விலை சொன்னார். அதிகம். "வேண்டாம், நன்றி" என்று பிழையில்லாமல் சொல்லிவிட்டு எழுந்து நடந்தேன். மெல்ல. கதவு. நடை. படிக்கட்டு. கூப்பிடவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். போகிறவளைக் கூப்பிடாத வியாபாரியும் உண்டா? என்ன மனுஷன்யா இவன்!

டெடே என்னைத் தாண்டி ஏறினாள். "என்னக்கா, கால் வலியா?"

கூப்பிடாமல் திரும்பினால் நம் சந்தையே சிரிக்கும். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. ஆனால் இந்தப் படி நம் சந்தையில் இல்லையே.

ஏறினேன். டெடேயை வெளிப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அவளைத் தாண்டிக் கதவைத் தள்ளினேன். படித்ததெல்லாம் பறந்துவிட்டது. வந்த ஆங்கிலம் இவ்வளவுதான்: "நான் போச்சு. நீ கூப்பிடல. ஏன்?"

அவர் விழித்தார். "நீங்கதானே வேண்டாம்னீங்க மேடம்?"

"அது வேண்டாம் இல்ல. அது விலை."

எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முழு உரிமை யாருக்கும் இல்லையாம். எனக்கு ஒரே ஒரு புது டிசைன். லோமேயில் நான் மட்டும் விற்கலாம். வாங்கிக்கொண்டேன். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 17
போன வாரம் துணி வந்தது. நீலத்தில் படிக்கட்டு மாதிரிக் கோடுகள். இரண்டே நாளில் சந்தை அதற்குப் பேர் வைத்துவிட்டது: 'கூப்பிடாமல் திரும்பியவள்'. யார் போய்ச் சொன்னது? எனியோனாம்தான், வேறு யார். பேர் விழுந்த பிறகு துணி நிற்கவில்லை.

சாயங்காலம் டெடே வந்தாள். மகளுக்கு ஆறு கஜம் வேண்டுமாம். "பேருக்கும் சேர்த்தா காசு வாங்கறே?" என்று என் விலையைக் கேலி செய்துவிட்டு எழுந்தாள். திரும்பிப் பார்க்காமல், மெல்ல, குடைக்கடை வரை போனாள்.

கூப்பிட்டேன்.