நாற்பத்தொன்றாம் கேள்வி

11 ஜூன் 96, செவ்வாய்

காங்கேயம் பக்கம். ஒரே காற்று. படிவங்களை முழங்கையால் அழுத்திக்கொண்டுதான் எழுத முடிந்தது. குடும்ப நல ஆய்வில் இது ஐந்தாவது வாரம். இன்று ஆறு வீடு. மூன்றில் மோர், இரண்டில் காபி, ஒன்றில் நாய்.

வீடு 27. தேங்காய்க் களம், டிராக்டர், புது டி.வி. மாமியார் உள்ளே போனதும் மருமகள் பூங்கொடி (வயது 24, ஒரு பெண் குழந்தை) களத்தில் தேங்காய்ப் பருப்பைப் புரட்டிக்கொண்டே பதில் சொன்னாள். கே. 41, கருத்தடை உண்டா? கை நின்றது.

"எழுதிக்குவீங்களாக்கா?"

"பேர் வெளியே வராது."

"காப்பர் டி வெச்சிருக்குதுங்க. அம்மா ஊட்டுக்குப் போனப்ப, கோயமுத்தூர்ல. இங்க ஒருத்தருக்கும் தெரியாதுங்க. மொதப் பிரசவத்துல பொழச்சதே பெருசு. இன்னொண்ணு உண்டானா உசுருக்கு ஆவாதுன்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. இவியகிட்டச் சொன்னா, டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்கங்கறாங்க. பையன் வேணுமாமுங்க."

'ஆம்' என்று பென்சிலால் வட்டமிட்டேன். இந்தக் கேள்விக்கு ஒருத்தி உண்மையைச் சொல்லிவிட்டாள் என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

வாங்க: பென்சில், தலைவலி மாத்திரை, தங்கைக்குக் கண்ணாடி வளையல்.

14, வெள்ளி

கோவை ஆபீஸ். கரண்ட் இல்லை. மறுசரிபார்ப்புக்கு, ஆய்வை நடத்தும் பேராசிரியர் டிபன் பாக்ஸில் சீட்டுப் போட்டு எடுத்தார். பத்து வீடு. செல்வராஜ் போய், வீட்டில் இருப்பவர்களிடம் எங்கள் படிவத்தைப் படித்துக்காட்டி, பதில் சரிதானா என்று கேட்டு வருவார்.

எட்டாவது சீட்டு 27.

வாயைத் திறந்திருக்க வேண்டும். போன மாதம்தான் எங்களில் ஒருத்தி தன் வீட்டில் உட்கார்ந்தே படிவங்களை நிரப்பி மாட்டிக்கொண்டாள். நான் தடுத்தால் என்மேலும் சந்தேகம் வருமே. செல்வராஜிடம் மட்டும், "27-ல மருமகளைத் தனியாக் கேளுங்க" என்றேன்.

"ஆகட்டுங்க மேடம்." கட்டோடு எடுத்துப் போனார்.

பென்சில் வட்டம்தான். ரப்பர் என் மேசையிலேயே கிடந்தது.

16, ஞாயிறு

தங்கைக்கு வளைகாப்பு. எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், இன்னும் மூன்று. எல்லோரும் "பையன்தான், வயித்தப் பாத்தாலே தெரியுது" என்றார்கள். நடுவிலேயே எழுந்து காங்கேயம் பஸ் ஏறியிருக்கலாம். பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

18, செவ்வாய்

செல்வராஜ் வந்துவிட்டார், சிரித்த முகமாக.

"உங்க படிவமெல்லாம் கரெக்டுங்க மேடம். 27-ல மட்டும் ஒண்ணு இடிச்சுது."

"யார்கிட்டக் கேட்டீங்க?"

"மருமக தண்ணிக்குப் போயிருந்துதுங்க. மாமியாரும் அவங்க பையனும் இருந்தாங்க. 41-ஐப் படிச்சதும் அப்படி எதுவும் இல்லீங்களேன்னாங்க. அந்தப் புள்ளை வந்ததும் அவங்களே கூப்புட்டுக் கேட்டாங்க. இல்லைன்னுது. திருத்திப்போட்டேன்."

"கோவிச்சாங்களா?"

"சேச்சே. ரொம்ப மரியாதைங்க. எளநி வெட்டிக் குடுத்தாங்க. அந்த 41-ஐ மட்டும் இன்னொருக்காப் படிங்கன்னாங்க."

தனியாகக் கேட்கச் சொன்னது அவருக்கு மறந்தே போயிருக்கிறது. அவர்மேல் பழி போடப் பார்க்கிறேன். செய்தது நான். நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.

19, புதன்

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். காற்று இன்னும் அடங்கவில்லை. 27-இல் பருப்பு புரட்டாமல் கிடந்தது. குழந்தை படியில் தனியாக உட்கார்ந்திருந்தது. மாமியார் வெளியே வந்தார்.

"வாங்க கண்ணு. உக்காருங்க, மோர் குடிங்க."

"பூங்கொடி?"

"பையன் ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போயிருக்கானுங்க. அதை எடுத்துப்போட்டு மத்தியானம் வந்துருவாங்க."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். இன்னொரு பிரசவம் என்றால் பிழைக்க மாட்டாள் என்றேன், இரண்டு தடவை. முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சாமி பாத்துக்குமுங்க. மூணு வருசமா கோயில் கோயிலா நடந்தமுங்க கண்ணு. உங்க காயிதம் வரலீன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. மகராசியா இருப்பீங்க."

டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"பேரன் பொறந்தா மொதல்ல உங்களுக்குத்தானுங்க சொல்லி உடுவம்."

விலாசம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.