தம்பியின் காதுகள்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் குழம்பிவிடும் என்பதால் விஷயங்களை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. என் முட்டிவலி.
2. உன் தம்பியின் சிலை.
3. அம்மா அந்தச் சிலையைப் பார்க்க இனி வரமாட்டாள்.

முட்டிவலி பரவாயில்லை. தம்பி போரில் இறந்து வருகிற மாதம் ஒரு வருடம், பேருந்து நிலைய வாசலில் அவனுக்கு மார்பளவுச் சிலை வைக்கிறார்கள் என்று ஃபோனில் சொன்னேன் அல்லவா, போன வாரம் களிமண் மாதிரியைக் காட்ட எங்களை அழைத்தார்கள். மீசை, தொப்பி, பதக்கம் எல்லாம் சரி. காதுகள் மட்டும் தலையோடு ஒட்டிக்கிடந்தன. பானைக் கைப்பிடிபோல விடைத்து நின்ற காதுகளுக்காகத் தெருவே அவனைக் 'கைப்பிடி' என்று கூப்பிட்டது உனக்குத் தெரியும். (பள்ளியில் எனக்கும் அதே பட்டம்தான், உன்னிடம் சொன்னதில்லை.) அம்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, யாரு பெத்த பிள்ளையோ" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். நகராட்சித் தலைவர், "வீரன்னா கொஞ்சம் கம்பீரமா இருக்க வேணாமா சார்?" என்றார். நான் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "உங்க தலை ஆடுறதுக்குன்னே படைச்சது. திறப்பு விழாவுக்கு நீங்களே போய்க் கைதட்டிட்டு வாங்க" என்றாள். அதற்கப்புறம் பேச்சில்லை.

இதுவரை காலையில் எழுதியது. நாளை வெண்கலத்தில் வார்க்கிறார்கள் என்பது நினைவுக்கு வர, சமையலறைப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டுச் சிற்பியின் பட்டறைக்குப் போனேன். வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பினேன். காதுகளை மாற்றச் சொன்னதும் சிற்பி, "ஃபோட்டோவுல முன்பக்கம்தான சார் இருக்கு, காது பின்னாடி எப்படின்னு யாருக்குத் தெரியும்?" என்றார். நான் கண்ணாடியைக் கழற்றி, என் காதுகளைக் காட்டி, "இப்படித்தான்" என்றேன். என்னை ஸ்டூலில் உட்காரவைத்துக் கவராயத்தால் அளந்து களிமண்ணை அப்பினார். "தலைவர் கேட்டா?" என்றார். "அப்பா சொன்னார்னு சொல்லுங்க" என்றேன். பிறகு கொஞ்சம் தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

அப்போது அம்மா வந்து நின்றாள். வீட்டு மேசையில் நான் விட்டுவந்த இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாளாம். "நான் வரமாட்டேன்னு நீங்க யாரு எழுத?" என்றாள். பிறகு சிலையிடம் போய், அவன் வீட்டுக்குத் தாமதமாக வரும்போது செய்வதுபோல் இடது காதைப் பிடித்துத் திருகினாள். ஈரக் களிமண்ணில் அவள் விரல் பதிந்துவிட்டது. சரிசெய்யவா என்று சிற்பி கேட்டார். அப்படியே வார்க்கச் சொன்னேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி. நேரத்துக்குச் சாப்பிடு. விழாவுக்கு லீவு கேட்க மறக்காதே. மூன்றாவதாக எழுதியது தவறு.

இப்படிக்கு,
அப்பா