கார்டு போடாமல் வந்த பூபதி

அக்கா, பக்கத்து வீட்டு டிவியில் நம் சீரியலை மறுபடியும் முதலிலிருந்து போட ஆரம்பித்துவிட்டார்கள். இன்று மத்தியானம் அந்த டைட்டில் பாட்டு சுவரைத் தாண்டி வந்தபோது, அரிசி களைந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. நீ போன பிறகு அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். பயம்தான் வந்தது.

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் நான் சட்டைக்குக் காலர் தைப்பேன், பக்கத்து மெஷினில் நீ கை தைப்பாய். சாப்பாட்டு மணி அடித்தால் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே நம் சீரியல் நாயகன் பூபதியின் கதையைத் திறந்துவிடுவோம். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன பூபதி திரும்பி வந்தானே, அந்த வாரம் கம்பெனியே இரண்டாகப் பிளந்தது. வந்தவனுக்கு முகம் வேறு, குரல் வேறு. நடிகரைத்தான் மாற்றியிருக்கிறார்கள், ஆள் பூபதியேதான் என்றது செக்கிங் லலிதா கட்சி. நீ விடவில்லை.

"நடிகர மாத்துனா 'இனி இவருக்குப் பதில் இவர்'னு கார்டு போடுவானுங்களா மாட்டானுங்களா? மாமியாருக்குப் போட்டான், கொழுந்தனுக்குப் போட்டான். இவனுக்கு மட்டும் இன்னாத்துக்குப் போடல? கார்டு போடலன்னா ஆளே வேறடி. எவனோ பூபதின்னு சொல்லிகினு ஊட்டுக்குள்ள பூந்துட்டான்!"

நான் உன் கட்சி. டப்பா மூடியைத் தட்டித் தட்டிச் சண்டை போடுவேன். "ஐயே, பொண்டாட்டிக்குத் தெரியாதா புருஷன?" என்று லலிதா கேட்பாள். எல்லோரும் கொல்லென்று சிரிப்பார்கள், நீயும்தான்.

அந்த மாதமே உன் வீட்டுக்கு அவர் வந்தார். லாரியோடு வடக்கே போய், ஒன்பது வருஷமாக ஒரு சேதியும் இல்லாமல் இருந்த உன் புருஷன். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். நரைத்த தாடி, தாடையில் பெரிய தழும்பு. சேக்காட்டில் தெருவே உன் வாசலில் நின்றது. உன் மாமியார் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். பழம் வாங்கிக்கொண்டு நானும் வந்தேன். நீ என் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துக் காதில் சொன்னாய்.

"நம்ம ஊட்லயும் கார்டு போடலடி."

நான் சிரித்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு போய்விட்டது.

பிறகு கல்லறைத் திருநாள் வந்தது. பால்குடி மறக்கும் முன்பே போன உன் முதல் பையனை உன் புருஷன் தன் கையாலேயே மண் தள்ளிப் புதைத்தவர். காணாமல் போகும்வரை வருஷம் தவறாமல் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றியவர். நீ வேண்டுமென்றே அன்று பின்னால் நடந்தாய். அவர் அந்தச் சின்னக் கல்லறையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி, "எங்க வெக்கணும்?" என்று உன்னைக் கேட்டார். மறுநாள் இதை நீ சொல்லும்போது உன் மெஷின் துணியே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

யார் காதில் வாங்கினார்கள்? மாமியாருக்குப் பிள்ளை வந்ததே போதும். மாதா கோயில் சாமியாரும், "என்னென்ன கஷ்டப்பட்டாரோ, மறந்திருப்பாரும்மா" என்றாராம். மறந்தும் இருக்கலாம் அக்கா. இன்றுவரை எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆனால் பத்தாவது படிக்கிற பெண் இருக்கிற வீடு அது. "நெஜமாவே அவரா இருந்தா நான் பாவி. இல்லன்னா? என் பொண்ண யார்கிட்ட உட்டுட்டு வேலைக்கு வந்துகினு கீறேன்?" என்று கேட்டாய்.

சீரியலில் முடிவு சொல்லிவிட்டார்கள். வந்தவன் நிஜமான பூபதியாம். சந்தேகப்பட்ட மனைவி காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். லலிதா கம்பெனி முழுக்கச் சாக்லேட் கொடுத்தாள். நீ உன்னுடையதைப் பிரிக்கவே இல்லை. "ஜனங்க ஆசப்பட்டாங்கன்னு கதைய மாத்திட்டானுங்கடி" என்றாய். அந்தக் கடைசி எபிசோடை அவர் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தாராம். முடிந்ததும், "பாத்தியா?" என்று மட்டும் கேட்டாராம்.

பரீட்சை முடிந்த கையோடு பெண்ணை வெளியூரில் கன்னியாஸ்திரிகள் விடுதியில் சேர்த்தாய். ஊர்ப் பெயரை என்னிடம் மட்டும் சொன்னாய். ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்கவைத்து, மனப்பாடம் ஆகும்வரை திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தாய்.

"எழுதி வெக்காத. அவரே வந்து கேட்டாலும் வாயத் தொறக்காத. எனக்கு ஒண்ணு ஆனாலும் தொறக்காத."

"வாயக் கழுவுக்கா" என்று உன்னை அதட்டினேன்.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். நான் ஓடி வருவதற்குள் பெட்டியில் வைத்துவிட்டார்கள். காய்ச்சல்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். நான் யாருக்கும் தெரியாமல் போன் செய்ததும் உன் பெண்ணைக் கூட்டிவந்த சிஸ்டர் அவள் கையை விடவே இல்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்தே திரும்பக் கூட்டிப் போய்விட்டார்.

அரிசி களைந்துகொண்டிருந்தேன் என்றேனே, அப்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அவர்தான். கள்ளிக்குப்பத்தில் என் வீட்டை யார் காட்டினார்களோ தெரியவில்லை.

"தங்கச்சி, எம் பொண்ணு எங்க கீதுன்னு உனக்குத் தெரியுமாமே. பெத்த அப்பன் கேக்கறேன்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே" என்றேன்.

அவர் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டைத் தலையாட்டிக் கேட்டார். "இந்தக் கதை பாத்துருக்கல்ல? கடைசில அவன்தான் நெஜமான ஆளு" என்று சிரித்தார். "நாளிக்கு வரேன், யோசிச்சு வெய்யி."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். நீ கொடுத்த அந்த ஊர்ப் பெயரை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பத்திரமாக இருக்கிறது அக்கா. உனக்கு எழுதும் இந்த மடலில்கூட அதை எழுதமாட்டேன். மனசுக்குள் சொன்னபோது உதட்டைக்கூட அசைக்கவில்லை. அவர் செருப்புச் சத்தம் இன்னும் என் வாசலை விட்டு நகர்ந்திருக்கவில்லை.