மழையில் நின்ற ஆயில் டிரம்

நவம்பர் 18, செவ்வாய்

காலையிலிருந்து மழை, வியாபாரம் இல்லை. மாமா, அதாவது இவருடைய அண்ணன் கொளஞ்சிநாதன், ஆள் கூட்டிவந்து என் கடையின் முன்பாதியில் ஒரு கண்ணாடி மேசையை இறக்கிவிட்டார். மொபைல் கவர், சார்ஜர் விற்கப்போகிறாராம். இடம் அவர் பேரில் இருக்கிறது, என்னை எதற்குக் கேட்கவேண்டும்? இடம் பற்றவில்லை என்று என் ஆயில் டிரம்மைப் பின்பக்கம் வெட்டவெளிக்கு உருட்டிப்போய் நிமிர்த்தி வைத்துவிட்டார்கள்.

"டவுன்ஷிப்ல அவனவன் பேட்டரி வண்டி வாங்கிகினு இருக்கான். நீ டூ ஸ்ட்ரோக் ஆயில வச்சிகினு யாருக்குக் காத்துகினு இருக்க?" என்றார்.

முந்திரித் தோப்புக்கு மருந்தடிக்கிற மெஷினெல்லாம் எதில் ஓடுகிறது, தண்ணீரிலா? கேட்டேன். மனதுக்குள் இல்லை, வாய்விட்டே கேட்டேன். பெட்ரோலில் இந்த ஆயிலைக் கலக்காமல் பண்ருட்டி வரைக்கும் ஒரு மெஷினும் ஓடாது. பூ எடுக்கும் மாதங்கள் வரட்டும், பார்க்கிறேன்.

டிசம்பர் 2

விடாத மழை. டிரம்மை உள்ளே எடுக்கவேண்டும் என்று இவரிடம் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பு. "மூடி டைட்டாதான இருக்கு, வுடு" என்றார். விட்டுவிட்டேன்.

டிசம்பர் 20, சனி

இன்று மாமா அலமாரியிலிருந்து ஒரு டின்னை எடுத்துத் திருப்பித் திருப்பித் தேதி பார்த்தார். ரெண்டு வருஷத்துச் சரக்காம், விஷமாம்.

"இது இன்னா மாமா, பாலா, திரிஞ்சி போவறதுக்கு?"

சீல் உடைக்காத டின் வெயில் படாமல், ஈரம் படாமல் இருந்தால் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். உடைத்தால்தான் காற்று உள்ளே போகும், சீக்கிரம் தீர்க்கவேண்டும். பெட்ரோலில் கலந்துவிட்டால் அந்த அவகாசமும் கிடையாது, அந்தந்த வேலைக்குக் கலந்து அப்போதே ஊற்றவேண்டும். இத்தனையும் பொறுமையாகச் சொன்னேன். என் பொறுமையை நானே மெச்சிக்கொள்ளவேண்டும்.

"பொங்கலுக்குள்ள எல்லாத்தையும் காயலான் கடையில போட்டுட்டு இடத்தக் காலி பண்ணு" என்றார்.

போடமாட்டேன்.

ஜனவரி 9, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

வைத்திலிங்கம் அண்ணன் வந்தார். முந்திரிக்கு மருந்தடிக்கிறவர்; அவரும் அவர் கூட்டாளிகளும்தான் என் வியாபாரத்தில் பாதி. முதுகிலிருந்த மெஷினைக் கழற்றிக் கண்ணாடி மேசைமேல் தொப்பென்று வைத்தார். பிஸ்டன் ஜாம். ஸ்டார்ட் பண்ணுகிற கயிறு இழுக்கவே வரவில்லை.

"கெட்டுப்போன ஆயிலக் குடுத்துட்டியேம்மா. பூவுல பூச்சி வுழுந்துகினு இருக்கு. நான் எத எடுத்துகினு தோப்புக்குப் போவ?"

டிரம்மிலிருந்து சில்லறையாக அளந்து கொடுத்த ஆயில். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் ஆயில் கெடாது, வந்து பாருங்கள் என்று கடையில் நின்ற அத்தனை பேரையும் பின்பக்கம் கூட்டிப்போனேன். நானே கூட்டிப்போனேன். டிரம்மின் அடிமட்டத்திலிருந்து கண்ணாடி பாட்டிலில் பம்ப் அடித்தேன். மோர் மாதிரி வந்தது. கொஞ்சநேரத்தில் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது.

மாமா சிரித்தார்.

ஜனவரி 10

அழுதேன். போதும்.

ஜனவரி 11, ஞாயிறு

மெக்கானிக் சதாம் வந்து டிரம்மைப் பார்த்தான். நிமிர்ந்து நிற்கிற டிரம்மின் தலையில் விளிம்புக்குள் மழைத்தண்ணீர் தட்டில் நிற்பதுபோல் நிற்கும். வெயிலில் உள்ளே இருக்கிற காற்று விரிந்து வெளியேறும். குளிர்ந்ததும் மூடி இடுக்கு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடி டைட்டாக இருந்தாலும் இழுக்குமாம். "வெளிய வச்சா படுக்க வெக்கணும்க்கா" என்றான்.

ஆக, கெடுத்தது தேதி இல்லை. மழையில் நிறுத்தியவர் கெடுத்தார், பார்த்துக்கொண்டிருந்த நானும் கெடுத்தேன்.

மாமாவிடம் சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதான். கெட்டது கெட்டதுதான்" என்றார். இவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணங்கிட்ட விட்டுக்குடுத்துப் போயேன்" என்கிறார். எதை விட்டுக்கொடுக்க? கடையையா, நல்ல சரக்கு விற்கிறவள் என்கிற என் பேரையா?

டிரம்மிலிருந்து வாங்கியவர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, ஊற்றாதீர்கள், கொண்டுவந்து கொடுங்கள், மாற்றுக்கு டின் தருகிறேன் என்றேன். ஆயிலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். டின்னை ஒருத்தரும் தொடவில்லை. அதுவும் பழசாம். டிரம்மில் இருந்ததைச் கான்கிரீட் போடுகிற சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கொடுத்துவிட்டேன்.

வைத்திலிங்கம் அண்ணன் மெஷினுக்குப் புதுப் பிஸ்டன் என் செலவு. அதில் பேச்சே இல்லை.

ஜனவரி 16

பொங்கல் போனது. காலி பண்ணவில்லை. மாமா பேசுவதில்லை. நல்லது.

ஜனவரி 20, செவ்வாய்

உடம்பெல்லாம் வலி. தோள் இரண்டும் கன்றிப்போய்விட்டன. ஆனால் இன்றைக்குத்தான் நிம்மதி.

கடையில் வாடகைக்கு விடுகிற என் சொந்த மெஷின், இருப்பதிலேயே பழைய தேதி போட்ட டின் ஒன்று. இரண்டையும் எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பத்தில் வைத்திலிங்கம் அண்ணன் மருந்தடித்துக்கொண்டிருந்த தோப்புக்குப் போனேன். எல்லோர் முன்னாலும் சீலை உடைத்தேன், பெட்ரோலில் கலந்தேன், ஊற்றினேன்.

"ஜாம் ஆனா என் மெஷின்தான போவப்போவுது. நீங்க நின்னு பாருங்க" என்றேன்.

முகத்தில் துணி கட்டிக்கொண்டு மெஷினை முதுகில் மாட்டி நானே அடித்தேன். முதலில் இரண்டு பேர் கிண்டல் பண்ணினார்கள். அப்புறம் பண்ணவில்லை. ஒரு வரிசை, இன்னொரு வரிசை, தொட்டி காலியானால் ரொப்பிக்கொண்டு மறுபடி. வெயில் ஏறியும் மெஷின் ஒரு இருமல் இருமவில்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஆயிலைச் சொல்வார்கள்.

கடைசியில் வைத்திலிங்கம் அண்ணனே வந்து வாரைக் கழற்றிவிட்டார். "போதும்மா. அந்த டின்ன வச்சிட்டுப் போ" என்றார்.

சாயங்காலம் இவர் தைலம் தேய்த்துவிட்டார். தேய்த்து முடித்துவிட்டு, "எதிர்ல புவனா அக்கா தையல் கடையில பாதி இடம் சும்மாதான் இருக்கு. கேட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.

நான் நேற்றே கேட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

டின்கள் எல்லாம் புவனா அக்கா கடைக்கு வந்துவிட்டன. பலகைமேல், சுவர் ஓரமாக, நிழலில். ரோட்டுக்கு அந்தப்பக்கம் மாமாவும் அவருடைய கண்ணாடி மேசையும்.

தோப்புக்காரர்கள் பழக்கத்தில் நேரே அங்கேதான் போய் வண்டியை நிறுத்துகிறார்கள். முதுகில் மெஷினோடு வந்து ஆயில் கேட்கிறவனிடம் மொபைல் கவரையா காட்டமுடியும்? "எதிர்ல போய்க் கேளு" என்று மாமா கையை நீட்டுகிறார். காலையிலிருந்து நீட்டிக்கொண்டேயிருந்தார்.

அவர் கை நீட்டின ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டேன்.