பூஜை அலமாரியில் இருந்த உன் கல்சங்கு

நண்பா,

மடியில் கிடக்கும் பட்டுத்துணியில் தீக்குச்சி உரசிய வாடை அடிக்கிறது. மோதி பாக் காலனியில் உன் குவார்ட்டர்ஸ் மாடிப்படியின் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே ஏறப் பயமாக இருக்கிறது.

லீவில் ஊருக்குப் போனபோதெல்லாம் ஓடையில் கல்லாகிப்போன சங்குகளைப் பொறுக்கி வருவாய். உள்ளங்கை அகலத்தில் சுருண்டிருந்த இந்த ஒன்றின் வகைப் பெயரை மட்டும் உன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் மேல் நெளியும் கோடுகளைக் காட்டி, "இதான்டா இதுக்குக் கைரேகை. இது அழிஞ்சா பேரும் போச்சு" என்பாய். நான் தொடப் போனால், "கை ஈரமா? தள்ளு, பயந்தாங்கொள்ளி!" என்று விரட்டுவாய்.

நீ போனபின் உன் மனைவி அதைச் சாளக்கிராமம் என்று பூஜை அலமாரியில் வைத்துவிட்டாள். சாமியே கும்பிடாத நீ தினமும் எடுத்துத் துடைத்த கல்லாயிற்றே, வேறென்ன நினைப்பாள்? நாள் தவறாமல் அபிஷேகம், துளசி. போன வாரம் தீர்த்தத்துக்குக் கை நீட்டியபோதுதான் இந்த வாடையைக் கவனித்தேன். கல்லின் ஒரு பக்கம் வெள்ளையாகப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. தீர்த்தத்தைக் குடிக்கவும் பயம், கொட்டவும் பயம்.

அது சாமியில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "அவன் ஆசைப்பட்டாம்மா, தெரிஞ்சவங்ககிட்ட ஒருதடவை காட்டிட்டு வரேன்" என்றேன். பட்டில் சுற்றிக் கொடுத்தாள்.

"பத்திரமா கொண்டு வந்துருவீங்கள்ல அண்ணா?"

உன்னை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றிய அன்றும் இப்படித்தான் கேட்டாள். அன்றும் தலையாட்டினேன்.

இன்று காலை ஒவ்வொரு வேகத்தடையிலும் "பையா, தீரே, தீரே!" என்று ஆட்டோ டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சியபடி போனேன். கல்லூரியில் நிலவியல் பேராசிரியை ஒருவர் லென்ஸோடு குனிந்தார். உள்ளே இருக்கும் கந்தகத் தாதுவைத் தண்ணீர் அரிக்கிறதாம். "பானி பில்குல் நஹீ!" தண்ணீரே படக்கூடாது என்று அதட்டிவிட்டுக் கல்லைத் திருப்பினார். மறுபக்கத்தில் கொஞ்சம் கோடு பிழைத்திருந்தது.

"அச்சா" என்றார். அந்தக் கோடு போதுமாம், வகையைச் சொல்லிவிடலாமாம். ஆனால் முதலில் உலர்த்திக் காப்பாற்ற வேண்டும், இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

உன் கல்லுக்குப் பெயர் கிடைத்துவிடும்டா. அதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? அன்று ஆஸ்பத்திரியிலிருந்து உன் மூக்குக்கண்ணாடியோடு மட்டும் வந்தேன். கதவைத் திறந்தவள் என் தோளுக்குப் பின்னால் உன்னைத் தேடினாள். இன்று இந்த வெறுந்துணியோடு ஏற வேண்டும்.

மேலே தாழ்ப்பாள் சத்தம்.

"அண்ணா, வந்துட்டீங்களா?"