முதுகில் ஒரு வளையம்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் உன் அண்ணன் மகளும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வேறு ஊருக்கு வேலைக்குப் போனவன் நீ. எட்டு மாதமாக ஒரு வரி கிடையாது. என் மேல் அப்படி என்ன கோபம்?

நேற்று மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவினேன். முன்பெல்லாம் உன் அண்ணன் மேலே நின்றுகொண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் "இருக்கியா?" என்பார். "எங்க ஓடிடப் போறேன்?" என்பேன். சிரிக்க மாட்டார். "உள்ள ஒருத்தன் விழுந்தா வெளிய நிக்கிறவன் இறங்கவே கூடாது. கத்தணும், கயித்தைச் சுத்தணும்" என்று சாப்பிடும்போதும் அதே பாட்டுத்தான்.

அப்படிப்பட்டவர் அன்று கம்பெனித் தொட்டிக்குள் ஏன் இறங்கினார்? கம்பெனியில் கேட்டால் கொக்கி கழன்றுவிட்டது என்கிறார்கள். உள்ளே இருந்தவன் நீ. நீ சொல். எனக்கு இன்னும் அழுகைகூட வரவில்லை. இது தெரிந்தாலாவது வருமா என்று பார்க்கிறேன்.

உன் அண்ணி

ஜூன் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் மேல் எனக்கென்ன கோபம்? உங்கள் முகத்தில் விழிக்க முடியாமல்தான் எழுதவில்லை.

கொக்கி கழலவில்லை. விசாரணையில் நான் சொன்ன பொய் அது.

அன்று பசை கலக்கும் தொட்டியைச் சுரண்ட நான் இறங்கினேன். வாயருகே அண்ணன் காவல். காலையில் காற்றைச் சோதித்தபோது சரியாக இருந்தது. அடியில் கெட்டிப்பட்டதைச் சுரண்டச் சுரண்ட வாடை கிளம்பியது. நாங்கள் போடும் பெல்ட்டில் முதுகுப்பக்கம் ஒரு வளையம் இருக்கும். மேலிருந்து வரும் கயிற்றின் கொக்கியை அதில் மாட்ட வேண்டும். ஆள் மயங்கினால் வெளியே நின்றபடியே கைப்பிடியைச் சுற்றித் தூக்கிவிடலாம். அந்தக் கயிறு, பசையைக் கலக்கும் தகட்டில் சிக்கிக்கொண்டே இருந்தது. எரிச்சலில் கொக்கியை எடுத்துவிட்டு, பெல்ட்டையே கழற்றி வைத்தேன். அண்ணன் பார்த்துவிட்டார். "பெல்ட்டைப் போடுடா" என்றார். "சரிண்ணே" என்றேன். போடவில்லை.

"இருக்கியா?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல வாய் எழவில்லை. மற்றதெல்லாம் பிறகு பிறர் சொன்னது. அண்ணன் கத்தினாராம், கைப்பிடியைச் சுற்றினாராம். கொக்கி மட்டும் மேலே வந்ததாம். அதனால்தான் இறங்கினார், அண்ணி. என் அக்குளில் கயிற்றைச் சுற்றி மாட்டிவிட்டார், ஓடிவந்தவர்கள் என்னைத் தூக்கிவிட்டார்கள். கயிறு மறுபடி இறங்கியபோது அதை எடுத்து மாட்ட அவருக்குத் தெம்பில்லை.

இங்கேயும் தொட்டி வேலைதான். வேறு தொழில் தெரியாது. வீட்டுக்கு ஒருமுறை வரட்டுமா, அண்ணி?

தம்பி

ஜூலை 2

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். துணிகளை மடித்து வைத்துவிட்டு மறுபடி படித்தேன். அழுகை வரவில்லை.

விசாரணையில் சொன்ன பொய்யை நீயே போய்த் திருத்து. வீட்டுக்கு வராதே. நீ பிழைத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நீ வாசலில் வந்து நின்றால், பின்னால் அவரும் வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பேன். அது என்னால் முடியாது.

அங்கேயும் தொட்டிக்குள் இறங்குகிறாய். பெல்ட்டைப் போடுடா.

"சரி அண்ணி" என்று பதில் எழுதாதே. போட்டுக்கொள்.

அண்ணி